கியர் பாக்ஸுக்கும் மூக்கு உண்டு

விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டு காலிங் பெல் அடித்தால் முன்பெல்லாம் வயிற்றைக் கலக்கும். தந்தியாக இருக்கும். தந்தி சேவையைத்தான் 2013-ல் மூடிவிட்டார்களே, அதனால் தைரியமாகக் கதவைத் திறந்தேன். நண்பர் நின்றிருந்தார்.

"கிளம்பு மாப்ளே. இருங்காட்டுக்கோட்டை."

நண்பர் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ். வாரத்தில் ஆறு நாள் சாதுவான மனிதர். டீக்கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்க மாட்டார். அவரிடம் ஒரு கார் இருக்கிறது. வயது இருபதைத் தாண்டியது, 1300 சிசி. கம்பெனி பெயர் வேண்டாம், பாவம், அவர்கள் இதற்காகத் தயாரிக்கவில்லை. மாதச் சம்பளத்தில் பால், பேப்பர், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் போக மிச்சம் பிடித்து, வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை அந்தக் காரை இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோய், பணம் கட்டி, ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவார். ரேஸ் இல்லை. கப் கிடையாது. பேப்பரில் பெயர் வராது. சும்மா ஓட்டுவது. ஹைவேயில் உயிரை எடுக்காமல் அங்கே போய் ஆசையைத் தீர்த்துக்கொள்வது எவ்வளவோ தேவலை என்பது என் கட்சி. அதனால் ஸ்பானர் பிடிக்கவும் டீ வாங்கித் தரவும் நானும் கூடப் போவேன்.

சென்னைக்காரர்களுக்கு ரேஸ் என்றால் ஒரு காலத்தில் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருஷக்கணக்கில் ரேஸ் நடத்தியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ட்ராக் போட்டு 1990-ல் திறந்தார்கள். ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போவதற்கு ரொம்ப முன்னால், மாருதி 800 இன்ஜின் போட்ட குட்டி ரேஸ் காரில் சுற்றியதும் இங்கேதான். எங்கள் ஓசூருக்கும் இந்த ட்ராக்குக்கும் நெருங்கிய பந்தம். டிவிஎஸ் கம்பெனி 1982-லிருந்தே ரேஸ் டீம் வைத்திருக்கிறது. அவர்கள் பைக் பறந்த பாதையில் நம்ம ஷிப்ட் இன்சார்ஜும் சுற்றுகிறார் என்றால் சும்மாவா?

சூளகிரி, கிருஷ்ணகிரி, அங்கிருந்து சென்னை ரோடு பிடித்து வாணியம்பாடி, ஆம்பூர். ஆம்பூரில் நிறுத்தி பிரியாணி சாப்பிடலாம் என்றேன். காலை ஐந்தரைக்கு பிரியாணியா என்று நண்பர் முறைத்தார்.

முதல் செஷன் பிரமாதம். இரண்டாவது செஷனில், ஐந்தாவது சுற்றில் இருக்கும், கறுப்புக் கொடியில் நடுவே ஆரஞ்சு வட்டம் போட்டது ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். 'உன் வண்டியில் ஏதோ கோளாறு, உள்ளே வா' என்று அர்த்தம். நண்பர் தன் வேகத்தைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னொரு சுற்று போய்விட்டு வந்தார்.

பானெட்டைத் திறந்தால் குப்பென்று புகை. அழுகின முட்டை நாற்றம். கியர் ஆயிலில் கந்தகச் சரக்கு கலந்திருப்பதால் அதற்கென்று தனி வாசனை உண்டு, ஒரு தடவை மோந்தவர்கள் மறக்கமாட்டார்கள். கியர் பாக்ஸ் தலையில் சின்னதாகத் தொப்பி மாதிரி ஒரு சமாசாரம். அதன் வழியாக ஆயில் கக்கி, சைலன்ஸர் பைப்பில் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. மிச்சம் ட்ராக்கில்.

மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி வெளியே வந்துவிட்டது. 'ஜாக்கிரதை, வழுக்கும்.' அப்புறம் செஷனையே நிறுத்தினார்கள். வயசான ஒரு மார்ஷல், வெயிலில் குனிந்து குனிந்து சிமென்ட் பவுடர் தூவிப் பெருக்கினார். முடித்துவிட்டு எங்களிடம் வந்தார். திட்டுவார் என்று பார்த்தோம். திட்டவில்லை. "அடுத்தது பைக் செஷன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிட் சுவர் ஓரமாக லெதர் சூட் போட்ட ஏழெட்டுப் பையன்கள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவனுக்கு இருபது வயசுகூட இருக்காது. நண்பர் அன்றைக்கு அப்புறம் காரை ட்ராக்கில் இறக்கவில்லை.

சரி, வீடு போய்ச் சேரவேண்டுமே. நண்பருக்கு ஒரு ஐடியா. ஓட்டை வழியாகத்தானே ஆயில் வருகிறது? ஓட்டையை அடைத்துவிட்டால்? எம்-சீலைப் பிசைந்து தொப்பி மேல் அப்பினார். ரொம்ப நேர்த்தியாக அப்பினார். கொழுக்கட்டை மாதிரி இருந்தது. நானும் சபாஷ் என்றேன். இரண்டு படித்த முட்டாள்கள்.

கிருஷ்ணகிரி டோல்கேட் வரைக்கும் ஒரு சொட்டு இல்லை. அதைத் தாண்டி சூளகிரி பக்கம் ஏறும்போது மறுபடி முட்டை நாற்றம். இறங்கிப் பார்த்தால் மேலே தொப்பி காய்ந்து கிடக்கிறது. ஆனால் இடது முன் சக்கரத்தின் உள்பக்கம் பூரா ஆயில் பளபளக்கிறது. பிரேக் டிஸ்க்குக்கு இன்னும் நாலு விரக்கடைதான் பாக்கி.

பக்கத்தில் ஒரு லாரி ஒர்க்ஷாப். எங்கள் எல்லைப் பக்கத்து ஒர்க்ஷாப்புகளின் விசேஷம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலாளி கஸ்டமரிடம் தமிழில் பேசுவார், போனில் கன்னடத்தில் கத்துவார், பையனைத் தெலுங்கில் திட்டுவார். அங்கே இருந்த பாய் வந்தார், குனிந்தார், எம்-சீல் கொழுக்கட்டையைப் பார்த்தார்.

"இதை யார் வச்சது?"

நண்பர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, வாயை மூடினா மூக்கால மூச்சு விடலாம். மூக்கையும் மூடினா எந்த வழியா விடறது?"

எங்களைக் கூட்டிக்கொண்டு போய், ஜாக்கி ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு லாரியின் பின் ஆக்ஸிலைக் காட்டினார். ஹவுஸிங் மேலே சுண்டைக்காய் சைஸில் ஒரு தொப்பி. ப்ரீதர். "இதுதான் மூக்கு. லோடு ஏத்திக்கிட்டு ஓடினா உள்ள சூடாகும், காத்து ஊதும், இது வழியா வெளிய போகும். சேறு பூசி இது அடைச்சிடுச்சுன்னு வைங்க. காத்து ஆயில் சீலைத் தள்ளும். சீல் உதடு விரிஞ்சா ஆயில் போற இடம் பிரேக் லைனர். தொப்பூர் இறக்கத்துல லைனர்ல ஆயிலோட இறங்கற வண்டி எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். தொப்பூர் கணவாய்ச் செய்திகளைப் பேப்பரில் படிக்காதவர்கள் இந்தப் பக்கம் யாரும் இல்லை.

அப்புறம் நான் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிளார்க் புத்தி. கியர் பாக்ஸில் அடியில் ஆயில், மேலே காற்று. ட்ராக்கில் அடித்து ஓட்டினால் ஆயில் சூடு 120 டிகிரி செல்ஷியஸைத் தொடுவது சகஜம். காலையில் 30 டிகிரியில் இருந்த காற்று 120-க்குப் போனால், அடைபட்ட டப்பாவில் அதன் அழுத்தம் சுமார் 30 சதவிகிதம் ஏறும். அதாவது நாலரை பி.எஸ்.ஐ. சைக்கிள் ட்யூபுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் ஆயில் சீல் என்பது ஆயில் சிதறலைத் தடுக்கிற மெல்லிய ரப்பர் உதடு, பலூன் இல்லை. கூடவே ஆயிலும் வீங்கும். பத்து டிகிரிக்கு சுமார் 0.7 சதவிகிதம். இரண்டரை லிட்டர் ஆயில் என்றால் 150 மில்லிக்கு மேல் கூடுதல் இடம் கேட்கும். ஒன்றரை கிளாஸ் டீ. வந்த விருந்தாளி பெரிசாகிக்கொண்டே போனால் வீட்டுக்காரன் எங்கே போவான்? காற்றுதான் வெளியேற வேண்டும். அதற்குத்தான் மூக்கு.

காற்று வெளியே போகட்டும், சரி. ஆயில் ஏன் கூடவே வருகிறது? ரோட்டில் ஓட்டும்போது வராதது ட்ராக்கில் மட்டும் ஏன்?

டீக்கடையில் மாஸ்டர் டீ ஆற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அரை கிளாஸ் டீ, நுரையோடு முழு கிளாஸாக நிற்கும். (அதற்கு முழு கிளாஸ் காசு வாங்குவது வேறு விஷயம்.) கியர் பாக்ஸுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. முன்சக்கரத்தை ஓட்டுகிற கார்களில் டிஃபரன்ஷியலும் பெரும்பாலும் அதே பெட்டிக்குள், அதே ஆயிலில்தான் குளிக்கிறது. அந்தப் பெரிய கிரௌன் வீல் ஆயிலை அள்ளி அள்ளி மேலே வீசும். ஆறாயிரம் ஆர்.பி.எம்.மில் இருபது நிமிஷம் நிற்காமல் ஆற்றினால் உள்ளே இருப்பது பாதி ஆயில், பாதி நுரை. புது ஆயிலில் நுரை அடக்கும் மருந்து இருக்கும். பழசானால் அந்த வீரியம் போய்விடும். அதனால்தான் ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள் 'கியர் ஆயிலை வாழ்நாள் பூரா மாத்தவே வேண்டாம்' என்கிற பேச்சை நம்பக்கூடாது.

இன்னொரு சங்கதி, வளைவு. நல்ல டயர் போட்டு ஒரு ஜி அளவுக்கு வளைத்தால் உள்ளே ஆயில் மட்டம் 45 டிகிரி சாய்ந்து ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும். நீளமான வளைவாக இருந்தால் அப்படியே சில விநாடி. அந்தச் சுவர் மேல் ப்ரீதர் இருந்தால் போச்சு. காற்று வெளியே போகவேண்டிய வாசலில் ஆயில் வந்து நிற்கிறது. பின்னாலிருந்து அழுத்தம் தள்ளுகிறது. டவுன் பஸ்ஸில் வாசல்படியில் நிற்கிறவன் கதிதான்.

அடுத்த ஞாயிறு பாய் ஒர்க்ஷாப்பில் கார். நண்பர் கையில் லிஸ்ட்: ஆயில் கூலர், பம்ப், வெளிநாட்டு கேட்ச் டாங்க். பாய் லிஸ்ட்டை வாங்கி பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "முதல்ல வண்டியை சமமா நிறுத்துங்க" என்றார். இன்ஜின் ஆறியதும் பக்கவாட்டில் இருந்த லெவல் போல்ட்டைக் கழற்றினார். ஆயில் கொட்டியது. சொட்டவில்லை, கொட்டியது. பிடித்து அளந்தால் கிட்டத்தட்ட 400 மில்லி.

மர்மம் பாதி அங்கேயே அவிழ்ந்தது. கடைசியாக ஆயில் மாற்றிய இடத்தில் (எந்த இடம் என்று சொல்வதாக இல்லை) காரின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டே, லெவல் ஓட்டை வழியாக வழியும்வரை ஊற்றியிருக்கிறார்கள். சாய்ந்த சொம்பில் 'ஃபுல்' என்பதற்கு என்ன அர்த்தம்? இந்த வகைப் பெட்டிகளில் லெவல் ஓட்டையின் கீழ் உதடுதான் அளவு, வண்டி சமதரையில் நிற்கும்போது மட்டும். உங்கள் வீட்டுப் போர்டிகோவில் தண்ணீர் ஓட வாட்டம் வைத்துக் கட்டியிருப்பார்கள். அங்கேகூட அளக்காதீர்கள்.

இங்கே ஒரு கிளைச் சண்டை உண்டு. ட்ராக் பைத்தியங்களில் சிலர் வேண்டுமென்றே ஒரு கால் லிட்டர் கூட ஊற்றுவார்கள். சில பெட்டிகளில் ஐந்தாவது கியர் ஒரு ஓரத்தில் தள்ளி இருக்கும். வளைவில் ஆயில் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டால் அது காய்ந்து தேயும் என்பது அவர்கள் வாதம். அந்தக் குறிப்பிட்ட பெட்டிகளுக்கு அது நியாயம்தான். ஆனால் யாரோ ஒருவர் அவர் வண்டிக்குச் செய்ததைக் கேள்வி கேட்காமல் உங்கள் வண்டிக்குச் செய்யாதீர்கள். செய்தே தீருவேன் என்றால் அந்தக் கால் லிட்டர் வெளியே வரும்போது பிடிக்க ஒரு பாத்திரத்தோடு செய்யுங்கள்.

மட்டம் சரியாச்சு. இனி மூக்கு. பாய் சொன்ன வைத்தியம், தண்ணீரில் இறங்கும் ஜீப்புகளுக்குச் செய்கிற அதே வைத்தியம்தான். மூக்கை நீட்டி மேலே தூக்கிவிடுவது. ஜீப்பில் தண்ணீர் உள்ளே போகாமலிருக்க. இங்கே ஆயில் வெளியே வராமலிருக்க.

நண்பர் உடனே காட்டினார்: மீன் தொட்டிக்கு வாங்கின ட்யூப், பாக்கி இருந்தது. பாய் அதை ஓரமாக வைத்தார். இன்ஜின் சூட்டில் அது அரை மணியில் வடாம் மாதிரி வளைந்துவிடுமாம். ஆயிலும் சூடும் தாங்குகிற ரப்பர் ஹோஸ்தான் வேண்டும். அதுவும் மெல்லிசாக இருக்கக்கூடாது. இது எனக்குப் புதுசு. மெல்லிய ட்யூபில் ஒரு சொட்டு ஆயில் ஏறினால் அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் வருகிற காற்று அதை அப்படியே மேலே தள்ளிக்கொண்டு போகும். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது மாதிரி. சுமார் 12 மில்லிமீட்டர் உள்விட்டம் இருந்தால் நடுவில் காற்று மேலே போகும், ஓரமாக ஆயில் வழிந்து பெட்டிக்கே திரும்பும். ஒரே பாதை, இரு வழிப் போக்குவரத்து.

ஹோஸ் வழி நெடுக ஏறிக்கொண்டே போகவேண்டும். நடுவில் ஒரு இடத்தில் தொங்கி வளைந்தால் அந்தப் பள்ளத்தில் ஆயில் தேங்கும், அப்புறம் ஏப்பம் விடும். அதே சமயம் விறைப்பாக இழுத்துக் கட்டவும் கூடாது. இன்ஜின் தன் மவுன்ட்டிங்கில் குதித்து ஆடும்போது பிடுங்கிக்கொள்ளும். சைலன்ஸர் பைப்புக்குப் பக்கத்தில் போகவே கூடாது.

பழைய தொப்பியைக் கழற்றி, அந்த ஓட்டைக்கு மரை போட வேண்டியிருந்தது. அலுமினியத் தூள் உள்ளே விழுந்தால் கியருக்கு எமன். பாய் டாப்பில் கெட்டி கிரீஸைத் தடவி, அரை சுற்று சுற்றி, எடுத்துத் துடைத்து, மறுபடி தடவி, மறுபடி அரை சுற்று. ஒரு சின்ன ஓட்டைக்கு முக்கால் மணி நேரம். அதற்கப்புறமும் நம்பாமல், இருந்த ஆயில் பூராவையும் இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினார். கீழே இறக்கிய டிரெய்ன் போல்ட்டில் இருந்த காந்தத்தில் மீசை மாதிரி இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. "இவ்வளவு இருக்கலாம். மீசை பொடிசா இருந்தா தேய்மானம். ஊசி ஊசியா இருந்தா என்கிட்ட வாங்க" என்றார்.

ஹோஸின் மேல் முனைக்கு ஒரு கேட்ச் டாங்க். சர்வதேச ஃபெடரேஷனின் ரேஸ் விதிகளில் இன்ஜின் ப்ரீதருக்கு இப்படி ஒன்று உண்டு. 2000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியவேண்டும். கியர் பாக்ஸுக்கு அவ்வளவு பெரிசு தேவைப்படாது. ஆனால் 'வெளியிலிருந்து தெரியவேண்டும்' என்பது அருமையான விதி. தெரியாத டாங்க் நிரம்பி வழிந்தால் பழைய கதைதான். அதை டயர் வாரில் கட்டித் தொங்கவிடாமல் பாடியில் போல்ட் போட்டு இறுக்கினார். மேலே காற்று போக ஒரு குட்டி ஃபில்டர். உள்ளே பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நார்ச்சுருள் ஒன்று. ஆயில் புகை அதில் மோதித் துளியாகிக் கீழே விழும். அந்த நார் டாங்கில் மட்டும்தான் இருக்கவேண்டும். ஹோஸுக்குள் திணித்தால் ஒரு இழை அறுந்து கியருக்குள் போய்ச் சேரும்.

பிடித்த ஆயில் தானாகவே பெட்டிக்குத் திரும்புகிற மாதிரி வைக்கலாமா என்று நண்பர் கேட்டார். வைக்கலாம், முதலில் வேண்டாம் என்றார் பாய். தனியாகப் பிடித்தால்தான் எவ்வளவு வருகிறது என்று தெரியும். ரெண்டு ஸ்பூன் வந்தால் கவலையில்லை. ஒவ்வொரு தடவையும் கிளாஸ் கிளாஸாக வந்தால் வேறெங்கோ தப்பு. அதை மறைக்கக்கூடாது. ஒழுகின ஆக்ஸில் சீலையும் மாற்றினார். எங்கள் எம்-சீல் புத்திசாலித்தனத்துக்கு அபராதம்.

வேலை முடியும்போது லேசாகத் தூறல். ஒர்க்ஷாப்புக்கு எதிரே ரோட்டில் லாரிகள் நின்று நின்று ஆயில் சொட்டிய கறுப்புத் திட்டு, முதல் தூறலில் வானவில் மாதிரி மினுங்கியது. பின்னால் இரண்டு மாங்காய் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒருத்தர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்தார். அந்தத் திட்டில் பின்சக்கரம் ஒரு முழம் வழுக்கியது. இரண்டு காலையும் ஊன்றிச் சமாளித்து, செருப்பு ஒன்று கழன்று, அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, யாரையும் திட்டாமல் போனார். லெதர் சூட்டெல்லாம் கிடையாது, வேட்டிதான். நண்பர் அவர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாம அன்னிக்கு கிருஷ்ணகிரியிலேருந்து சொட்டிக்கிட்டேதானே வந்தோம்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாசம் மறுபடி இருங்காட்டுக்கோட்டை. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எங்களுக்குக் காலையில் ஸ்வெட்டர். ஸ்ரீபெரும்புதூர் போனால் அதே காலைக்குப் பனியன்கூட அதிகம். சோதனைக்கு ஏற்ற சூடு. முதல் செஷன் இருபது நிமிஷம். உள்ளே வந்ததும் பானெட்டைத் திறந்து டாங்க்கைப் பார்த்தோம். அடியில் கண்ணுக்கு மை தீட்டுகிற அளவு. இரண்டாவது செஷனுக்கு அப்புறம் ஒரு ஸ்பூன். சைலன்ஸர் பைப் காய்ந்திருந்தது. தரையில் பேப்பர் விரித்து அரை மணி காத்திருந்தோம். பேப்பரில் ஒரு பொட்டுகூட இல்லை. அதே மார்ஷல் வந்து குனிந்து பார்த்தார், ஹோஸை விரலால் ஒரு தட்டு தட்டினார், டீ சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ராத்திரி வீடு திரும்பி, நடந்ததையெல்லாம் சம்சாரத்திடம் பெருமையாகச் சொன்னேன். நுரை, அழுத்தம், 45 டிகிரி, 12 மில்லிமீட்டர், எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"போன மாசம் வாங்கின புது ஸ்க்ரப்பர் சிங்க்கில காணோம்னு தேடிக்கிட்டிருக்கேனே, அதைத்தான் டாங்கில போட்டீங்களா?"